எந்த டிகிரினாலும் சரி, ஆனா டிகிரி வேணும்

ஒவ்வொரு மே மாசமும் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த உடனே ரெண்டு சண்டை ஆரம்பிச்சிடும். ஒண்ணு, காலேஜ் படிப்ப மொத்தமா ஃப்ரீ ஆக்கணுமா, இல்ல இலவசம் குடுத்துக் குடுத்தே எல்லாம் கெட்டுப்போச்சா. இன்னொண்ணு, வேலைக்கு ஸ்கில் இருந்தா போதாதா, டிகிரி எதுக்கு. முதல் சண்டைய போடறவங்க ஒரு கூட்டம், ரெண்டாவத போடறவங்க வேற கூட்டம், ஒருத்தர் பேசறது இன்னொருத்தர் காதுல விழறதே இல்ல. ஆனா என்ன கேட்டா ரெண்டும் ஒரே விஷயம் தான். டிகிரி இல்லாம அப்ளிகேஷனே போட முடியாதுங்கற நிலைமையில டிகிரிக்கு காசு கேட்டா, வேலைக்கு போறதுக்கே காசு கேக்கற மாதிரி ஆயிடுது. சரின்னு டிகிரிய எல்லாருக்கும் கிடைக்கற மாதிரி பண்ணினா, எல்லார்கிட்டயும் இருக்கேன்னு கம்பெனிக்காரன் எந்த வேலைக்கும் அதையே கேக்க ஆரம்பிச்சிடறான். இது ரெண்டும் ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டே போகும். தமிழ்நாட்டுல இது எப்படி நடந்துச்சுன்னு பாத்தா நல்லா புரியும், ஏன்னா இந்தியாவுலயே காலேஜ் கதவ அகலமா திறந்த மாநிலங்கள்ல இதுவும் ஒண்ணு.

முதல்ல ஃப்ரீயா இல்லையாங்கறத பாக்கலாம். நம்ம ஊர்ல காலேஜ் ஃப்ரீயான்னு கேட்டா பதில், யாருக்கு, எந்த காலேஜ்லங்கறத பொறுத்தது. கவர்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல டியூஷன் ஃபீஸ் கிடையாது, மிச்சம் கட்டறது மத்த இடத்தோட ஒப்பிட்டா பெரிய தொகையே இல்ல. எஸ்சி, எஸ்டி பசங்களுக்கு குடும்ப வருமானம் வருஷத்துக்கு ரெண்டரை லட்சத்துக்குள்ள இருந்தா போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் இருக்கு. 2010-ல கலைஞர் ஆட்சியில பர்ஸ்ட் கிராஜுவேட் சலுகை வந்துச்சு, குடும்பத்துல யாருமே டிகிரி முடிச்சிருக்கலன்னா கவுன்சிலிங் மூலமா சேர்ற பையனுக்கோ பொண்ணுக்கோ டியூஷன் ஃபீஸ்ல ஒரு பங்க அரசாங்கமே கட்டிடும். 2021-ல ப்ரொஃபஷனல் கோர்ஸ்கள்ல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு வந்தப்போ, அதுல சேர்றவங்களுக்கு டியூஷன், ஹாஸ்டல், கவுன்சிலிங் எல்லா ஃபீஸையும் அரசே ஏத்துக்கும்னு ஸ்டாலின் அறிவிச்சாரு. 2022 செப்டம்பர்ல புதுமைப் பெண், 2024 ஆகஸ்ட்ல பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், ரெண்டுலயும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு மாசம் 1,000 ரூபா நேரா பேங்க் அக்கவுண்ட்டுக்கு.

இதுல புதுமைப் பெண் எங்கேருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அதுக்கு முன்னாடி மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர்ல திருமண உதவித் திட்டம் இருந்துச்சு, பொண்ணு பத்தாவது முடிச்சிருந்தா ஒரு தொகை, டிகிரி முடிச்சிருந்தா 50,000 ரூபாயும் தாலிக்குத் தங்கமும். அதாவது அப்போ பொண்ணு படிச்சதுக்கான பரிசு கல்யாணத்தன்னிக்கு வரும். இப்போ படிக்கும்போதே, அவ அக்கவுண்ட்டுக்கே வருது. அதே திட்டத்தத் தான் மாத்தி அமைச்சாங்க, ஆனா அந்த மாற்றம் சின்னதில்ல. கூடவே 2021-லேருந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல. ஃபீஸ் இல்லாம இருந்தும் பஸ் காசுக்காக பொண்ண அனுப்பாத வீடுங்க கிராமங்கள்ல இருந்துச்சு, இத சென்னையில உக்காந்துக்கிட்டு இலவசத்த கிண்டல் பண்றவங்க நம்ப மாட்டாங்க.

பர்ஸ்ட் கிராஜுவேட் சர்டிபிகேட்லயும் ஒரு சிக்கல் உண்டு. அது ஆளுக்கு இல்ல, குடும்பத்துக்கு. அண்ணன் வாங்கிட்டான்னா தங்கச்சிக்கு கிடையாது, ஏன்னா வீட்டுக்கு ஒருத்தருக்கு தான் அந்த சலுகை. அண்ணன் நாலு வருஷத்துல அரியர் வச்சுட்டு வெளிய வந்து பைக் ஓட்டி சாப்பாடு டெலிவரி பண்ணிட்டு இருந்தாலும் ரூல் ரூல் தான். பெரியவனுக்கா சின்னவளுக்கா யாருக்கு எழுதி வாங்கறதுன்னு ஈ-சேவை மையத்துக்கு போறதுக்கு முன்னாடியே வீட்டுல ஒரு பஞ்சாயத்து நடக்கும், அதுல பெரும்பாலும் யாரு ஜெயிப்பாங்கன்னு சொல்லணுமா என்ன.

இவ்வளவும் பண்ணதுக்கு பலன் இல்லாம இல்ல. 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வுப்படி தமிழ்நாட்டோட மொத்த சேர்க்கை விகிதம் 47, இந்திய அளவுல அது 28.4. 18-லேருந்து 23 வயசுக்குள்ள நூறு பேர் இருந்தா கிட்டத்தட்ட பாதிக்கு பாதி காலேஜ் அளவுல இருக்காங்கன்னு வச்சுக்கலாம். இதுக்கு ஃபீஸ் சலுகை மட்டும் காரணம் இல்ல, 1984-ல ஆரம்பிச்ச நுழைவுத் தேர்வ 2007-ல எடுத்தாங்க, எம்ஜிஆர் காலத்துல தனியார் இன்ஜினியரிங் காலேஜுக்கு அனுமதி குடுத்ததுலேருந்து அது பெருகிப் பெருகி ஒரு கட்டத்துல ஐந்நூற தாண்டிடுச்சு, அதுக்கெல்லாம் முன்னாடி போட்ட பள்ளிக்கூடம், சத்துணவு, இடஒதுக்கீடு இதெல்லாம் அடித்தளம். ஆனா அந்த ஐந்நூறு காலேஜுக்குள்ள தான் அடுத்த பிரச்சனையும் இருக்கு. பர்ஸ்ட் கிராஜுவேட் சலுகையில அரசாங்கம் கட்டற காசுல பெரும்பங்கு எங்க போகுது? தனியார் காலேஜுக்கு. லேப் இருக்கா, வாத்தியார் இருக்காரா, பசங்களுக்கு வேலை கிடைக்குதான்னு கறாரா பாக்காம கட்டற காசு அது. சலுகை போக மிச்ச ஃபீஸு, பஸ் ஃபீஸு, ஹாஸ்டல், ட்ரெய்னிங் ஃபீஸுன்னு புதுசு புதுசா வர்றத அப்பா அம்மா கடன் வாங்கி கட்டறாங்க.

ஃபீஸ் சுத்தமா இல்லன்னே வைங்க, அப்பவும் காலேஜ் ஃப்ரீ ஆயிடாது. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு போற ஒரு பையனுக்கு மாசம் 12,000 சம்பளம்னு ஒரு கணக்குக்கு வச்சுக்கோங்க, மூணு வருஷத்துக்கு 4,32,000 ரூபா. தமிழ்ப் புதல்வன்ல மூணு வருஷத்துக்கு வர்றது 36,000. நடுவுல இருக்கற அந்த கிட்டத்தட்ட நாலு லட்சம் தான் அந்த வீடு படிப்புக்கு குடுக்கற நிஜமான விலை, அதுக்கு ரசீது கிடையாது அவ்வளவு தான். மிடில் கிளாஸ் வீட்டுல இத யாரும் செலவா கணக்கு வைக்கறதே இல்ல, பதினெட்டு வயசுல பையன் சம்பாதிச்சு குடுக்கணும்னு அங்க யாரும் எதிர்பாக்கல. கூலி வேலைக்கு போற வீட்டுல அதுவே முதல் செலவு. அதனால ஃப்ரீ ஆக்கினா பணக்காரனுக்கும் தானே லாபம்ங்கற வாதம் கவர்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜ் விஷயத்துல எடுபடாது, பணக்காரன் வீட்டுப் புள்ள அங்க வர்றதே இல்ல.

இப்போ அந்த நாலு லட்சத்தையும் மூணு வருஷத்தையும் போட்டு வாங்கின டிகிரிய வெளிய என்ன பண்றாங்கன்னு பாப்போம். வேலை விளம்பரத்துல "எனி டிகிரி"ன்னு ஒரு வரி இருக்கும், எல்லாரும் பாத்திருப்பீங்க. எனக்கு இந்த மொத்த விவகாரத்துலயும் முக்கியமான தடயம் அது தான். பிஎஸ்சி பாட்டனியும் பிஏ ஹிஸ்டரியும் பிகாமும் ஒரே வேலைக்கு போதும்னா, அந்த வேலைக்கு பாட்டனியும் வேண்டாம் ஹிஸ்டரியும் வேண்டாம் காமர்ஸும் வேண்டாம்னு தானே அர்த்தம். அப்புறம் எதுக்கு கேக்கறான்? டாக்டர், நர்ஸ், வக்கீல், டீச்சர் இதெல்லாம் வேற, அங்க படிப்பு தான் வேலையோட உள்ளடக்கம், அத பத்தி சண்டையே இல்ல. நான் சொல்றது கால் சென்டர், பேங்க் கவுண்ட்டர், லோன் கலெக்‌ஷன், ஷோரூம் சேல்ஸ், ஆபீஸ் டேட்டா என்ட்ரி. பேங்க் கிளார்க் வேலைக்கு ஒரு காலத்துல ப்ளஸ் டூ மார்க் நல்லா இருந்தா எழுதலாம். இன்னிக்கு ஐபிபிஎஸ் கிளார்க் எழுதணும்னா எந்த டிகிரினாலும் சரி, ஆனா டிகிரி வேணும். இத்தனைக்கும் நடுவுல கம்ப்யூட்டர் வந்து, கணக்கு எழுதற வேலை பாதிக்கு மேல மிஷினுக்கு போயிடுச்சு.

கேக்கறதுக்கு காரணம் ரொம்ப சாதாரணம். ஒரு போஸ்ட்டுக்கு ஆயிரம் ரெஸ்யூம் வருது, ஹெச்ஆர்ல ரெண்டு பேர் இருக்காங்க, ஆயிரத்த நூறா குறைக்க ஏதாவது ஒரு வடிகட்டி வேணும். டிகிரி இருந்தா கம்பெனிக்கு அந்த வேலை செலவில்லாம முடியுது, ஏன்னா வடிகட்டறதுக்கான செலவ ஏற்கனவே அந்த பையனோட அப்பாவும் அரசாங்கமும் சேந்து கட்டிட்டாங்க. மூணு வருஷம் ஒரு இடத்துக்கு ஒழுங்கா போய்ட்டு வந்தான், பரீட்சை எழுதினான், பாதியில ஓடல, இது போதும் அவங்களுக்கு. எல்லார்கிட்டயும் டிகிரி வந்துட்டா வடிகட்டி வேலை செய்யாது, உடனே அறுபது சதவீதத்துக்கு மேல, அரியர் இல்லாம, இங்கிலீஷ் மீடியம்னு அடுத்த சல்லடைக்கு போயிடுவாங்க. தேர் பாக்கற கூட்டத்துல முன்வரிசை எக்கி நின்னா பின்வரிசையும் எக்கணும், கடைசியில எல்லாருக்கும் கால் வலிக்கும், தேர் என்னவோ முன்ன தெரிஞ்ச அளவு தான் தெரியும். பெரிய ஐடி கம்பெனிகள்ல ஃப்ரெஷர் சம்பளம் பதினஞ்சு வருஷம் முன்னாடி வருஷத்துக்கு மூணு லட்சத்த ஒட்டி இருந்துச்சு, இப்பவும் மூணு, மூணரைல தான் நிக்குது, நடுவுல அரிசி விலை என்ன ஆச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. வர்றவங்க அத்தனை பேர் இருக்கும்போது சம்பளத்த ஏத்தணும்னு கம்பெனிக்கு என்ன தலையெழுத்து?

அரசாங்கம் மட்டும் ஒழுங்கான்னு கேட்டா, அங்க கதை தலைகீழ். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்கு தகுதி பத்தாவது பாஸ், கேள்வியும் பத்தாவது தரம், 200 கேள்வி. ஆனா எழுதறது யாரு? 2018 குரூப் 4-க்கு இருபது லட்சம் பேருக்கு மேல அப்ளை பண்ணாங்க, இருந்த போஸ்ட் 9,351, அப்ளை பண்ணவங்கள்ல பி.எச்டி முடிச்சவங்க மட்டும் ஆயிரத்த ஒட்டி இருந்தாங்க, எம்ஃபில் இருபதாயிரத்துக்கு மேல. 2019-ல தலைமைச் செயலகத்துல சட்டமன்றச் செயலகத்துக்கு பெருக்கறவங்க, துப்புரவு பணியாளர்னு 14 போஸ்ட்டுக்கு நாலாயிரத்து சொச்சம் அப்ளிகேஷன், அதுல இன்ஜினியர், எம்பிஏ எல்லாம் இருந்தாங்க. அதே வருஷம் கோயம்புத்தூர் கார்ப்பரேஷன் 549 தூய்மைப் பணியாளர் இடத்துக்கு ஆள் கேட்டப்போ ஏழாயிரம் பேர் வந்தாங்க, அங்கயும் பட்டதாரிங்க. பேப்பர்ல வழக்கம்போல "ஐயோ பாவம் இன்ஜினியர்"னு எழுதினாங்க. அந்த வேலையே தலைமுறை தலைமுறையா சில சாதிங்க தலையில கட்டப்பட்ட வேலை, சம்பளமும் பென்ஷனும் நிரந்தரமும் வந்தப்புறம் மத்தவங்களும் வரிசையில வந்து நிக்கறாங்க, அத பத்தி அந்த செய்தியில ஒரு வரி இல்ல.

பி.எச்டி படிச்சவர் ஏன் பத்தாவது வேலைக்கு வர்றாருன்னு சிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. குரூப் 4-ல வர்ற ஜூனியர் அசிஸ்டண்ட் வேலைக்கு அடிப்படை சம்பளம் 19,500. அகவிலைப்படி பாதியாவே வச்சாலும் 29,000-த்த தாண்டும், மேல வீட்டு வாடகைப் படி, வருஷா வருஷம் இன்கிரிமெண்ட், புரமோஷன். அதே பி.எச்டிக்காரர் கவர்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல கௌரவ விரிவுரையாளரா போனா மாசம் 25,000, அதுவும் நிரந்தரம் இல்ல. யுஜிசி 2019-லயே மாசம் 50,000 வரைக்கும் குடுக்கலாம்னு சொல்லியாச்சு. பேர்ல மட்டும் கௌரவம் இருக்கு. ஃப்ரீ காலேஜ்ங்கற கட்டடத்த தாங்கி நிக்கறது இந்த மாதிரி ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்ங்க தான். அப்போ காலேஜ ஃப்ரீ ஆக்கினது அரசாங்கக் காசுல மட்டும் இல்ல, இவங்களோட குறைஞ்ச சம்பளத்துலயும் தான். அதனால அவர் குரூப் 4 எழுதறது முட்டாள்தனம் இல்ல, சுத்தமான கணக்கு. பாவம் யாருன்னா, பத்தாவதோட நின்னுட்டு, இது நமக்கான பரீட்சைன்னு நம்பி உக்காந்த பையன். அவனோட தகுதிய குறிச்சு வச்ச வேலைக்கு அவன் எம்ஃபிலோட மோதணும்.

இதுக்கு வேலி போடலாமேன்னு ஒரு யோசனை உண்டு. கேரளாவுல லாஸ்ட் கிரேடு சர்வண்ட், அதாவது கடைநிலை ஊழியர் வேலைக்கு ஏழாவது பாஸ் பண்ணிருக்கணும், ஆனா பட்டதாரியா இருக்கக் கூடாதுன்னு ரூலே இருக்கு. பஞ்சாப் நேஷனல் பேங்க்ல பியூன் வேலைக்கு இதே மாதிரி ப்ளஸ் டூ போதும், டிகிரி இருக்கக் கூடாதுன்னு போட்டிருந்தாங்க, ஒடிசாவுல ஒருத்தர் தன்னோட டிகிரிய மறைச்சு சேந்துட்டாரு, கண்டுபிடிச்சு எடுத்துட்டாங்க, வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2020 நவம்பர்ல பேங்க் பண்ணது சரின்னு தீர்ப்பு வந்துச்சு. ரூலுக்கு நியாயம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா யோசிச்சுப் பாருங்க, ஒரு அரசாங்கம் ஒரு பக்கம் படி படின்னு மாசம் ஆயிரம் குடுக்குது, இன்னொரு பக்கம் படிச்சத மறைச்சா தான் வேலைன்னா அந்த ஆள் எங்க போய் முட்டிக்கறது.

காலேஜ் ஃப்ரீ ஆனதால தான் இந்த நிலைமைன்னு சொல்றவங்க இலங்கைய காட்டுவாங்க. அங்க கன்னங்கரா கல்வி அமைச்சரா இருந்த காலத்துல, 1945-லேருந்து பாலர் வகுப்புலேருந்து பல்கலைக்கழகம் வரைக்கும் இலவசக் கல்வி. ஆனா ஃப்ரீயா இருக்கறதும் எல்லாருக்கும் கிடைக்கறதும் வேற வேற. நம்ம ப்ளஸ் டூ மாதிரியான ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணி தகுதி வந்தவங்கள்ல ஒரு பங்குக்கு தான் கேம்பஸ் கிடைக்கும், மார்க்க வச்சு கணக்கு போடற இசட் ஸ்கோரும் மாவட்ட கோட்டாவும் தான் தீர்மானிக்கும். அப்படி கஷ்டப்பட்டு உள்ள போய் முடிச்சு வந்தவங்க வேலையற்ற பட்டதாரிகள் சங்கம்னு வச்சு போராடுவாங்க, 2017-ல யாழ்ப்பாணம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம் வாசல்ல மாசக்கணக்கா உக்காந்தாங்க. 2020-ல கோட்டாபய அரசாங்கம் ஒரே அடியா 50,000 பட்டதாரிய வேலைக்கு எடுத்துச்சு, எந்த வேலைக்குன்னு அப்புறமா யோசிச்ச மாதிரி தான் இருந்துச்சு. அங்க பிரச்சனை இலவசக் கல்வி இல்ல, பட்டதாரிக்கு வேலை குடுக்க வேண்டியது அரசாங்கம் மட்டும் தான்ங்கற பொருளாதாரம். ஜெர்மனியிலயும் காலேஜ் ஃபீஸ் இல்ல, நடுவுல சில மாநிலங்கள் செமஸ்டருக்கு 500 யூரோ கேட்டுப் பாத்து 2014-க்குள்ள எல்லாருமே கைவிட்டாங்க. அதே ஊர்ல தான் வாரத்துல மூணு நாலு நாள் கம்பெனியில வேலை, மிச்ச நாள் தொழிற்பள்ளி, சம்பளத்தோட படிப்புன்னு காலேஜுக்கு சமமா ஒரு வழியும் மரியாதையோட இருக்கு. இங்க்லாந்துல 1998-ல 1,000 பவுண்டுல ஆரம்பிச்ச ஃபீஸ் 2012-ல 9,000 ஆச்சு, அதனால அங்க கம்பெனிங்க டிகிரி கேக்கறத நிறுத்திடல. ஃபீஸ ஏத்தினா டிகிரி மோகம் குறையும்னு நினைக்கறவங்களுக்கு இது போதும்.

இங்கயும் வேற வழி இல்லாம இல்ல. ஜோஹோங்கற சாஃப்ட்வேர் கம்பெனி 2005 வாக்குலேருந்தே ப்ளஸ் டூ, டிப்ளமோ முடிச்ச பசங்கள எடுத்து, ஃபீஸ் வாங்காம, உதவித்தொகையும் குடுத்து தன்னோட ஸ்கூல்லயே சொல்லிக்குடுத்து வேலைக்கும் எடுத்துக்குது. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில வச்சும் பண்றாங்க. ஹெச்சிஎல் 2017-ல டெக்பீ ஆரம்பிச்சுது, ப்ளஸ் டூ முடிச்ச உடனே ட்ரெய்னிங், வேலை, வேலை பாத்துக்கிட்டே டிகிரி, ஆனா அதுல ஃபீஸ் உண்டு. இத வச்சு ரெண்டு விஷயம் சொல்லலாம். ஒண்ணு, கோடிங் மாதிரி வேலைக்கே டிகிரி இல்லாம ஆள தயார் பண்ண முடியும், கம்பெனி அந்த செலவ ஏத்துக்கணும் அவ்வளவு தான். ரெண்டு, அப்படி ஏத்துக்கற கம்பெனிய விரல் விட்டு எண்ணிடலாம்.

அதனால "டிகிரி வேஸ்ட்டு, ஸ்கில் தான் முக்கியம்"னு மேடையில பேசறவங்கள நான் கொஞ்சம் தள்ளி நின்னே கேப்பேன். அப்படி பேசற முக்காவாசி பேர் நல்ல டிகிரி வச்சிருக்கவங்க, ஜோஹோவ ஆரம்பிச்ச ஸ்ரீதர் வேம்பு ஐஐடி மெட்ராஸ், பிரின்ஸ்டன்ல பி.எச்டி. அவர் சொன்னத செஞ்சு காட்டினாரு, அது மரியாதைக்குரியது. மத்தவங்க தன் புள்ளைய எங்க சேத்திருக்காங்கன்னு கேட்டா பேச்சு மாறிடும். டிகிரி இல்லாம போனா என்னென்ன கதவு சாத்திக்கும்னு அவங்க சொல்றதில்ல. அமெரிக்காவுக்கு ஹெச்1பி வேலை விசாவுல போகணும்னா டிகிரி வேணும், இல்லன்னா ஒரு வருஷப் படிப்புக்கு மூணு வருஷ அனுபவம்னு கணக்கு காட்டணும், நாலு வருஷ டிகிரிக்கு பன்னெண்டு வருஷம். எஸ்ஐ பரீட்சை எழுத முடியாது, குரூப் 2 எழுத முடியாது. கல்யாண மார்க்கெட்ட பத்தி நான் சொல்லித் தெரியணும்னு இல்ல. சொத்தும் சொந்தமும் இருக்கறவன் டிகிரி இல்லாம சமாளிப்பான். மூணு தலைமுறையா யாரும் பள்ளிக்கூடத்த தாண்டாத வீட்டுல அந்த ஃப்ரேம் போட்ட கான்வொகேஷன் போட்டோ வேலைக்காக மட்டும் மாட்டினது இல்ல. அவங்கள பாத்து இப்போ போய் டிகிரிக்கு மதிப்பில்லன்னு சொல்றது, பந்தி முடிஞ்சப்புறம் இலை போடற வேலை.

அஸிம் பிரேம்ஜி யுனிவர்சிட்டி 2023-ல வெளியிட்ட அறிக்கையில, இந்திய அளவுல 25 வயசுக்குள்ள இருக்கற பட்டதாரிங்கள்ல வேலையில்லாதவங்க 42.3 சதவீதம்னு வந்துச்சு, எல்லாரும் அந்த ஒரு நம்பர தூக்கிட்டு ஓடினாங்க. அதே அறிக்கையில 35 வயசுக்கு மேல அது அஞ்சு சதவீதத்துக்கும் கீழ. அதாவது கடைசியில எல்லாரும் ஏதோ ஒரு வேலையில உக்காந்துடறாங்க. அது படிச்சதுக்கு ஏத்த வேலையாங்கறது தான் கேள்வி. நடுவுல போற அந்த பத்து வருஷம், கோச்சிங் சென்டர், டெம்பரரி வேலை, அடுத்த நோட்டிபிகேஷன், அதுக்கான செலவும் வீட்டு தலையில தான்.

என் கணக்குல காலேஜ் ஃப்ரீயா இருக்கணும், கவர்மெண்ட் காலேஜ் முழுசா ஃப்ரீயா இருக்கணும், தனியாருக்கு கண்ண மூடிட்டு கட்டற காசுல ஒரு பங்க கௌரவ விரிவுரையாளர நிரந்தரமாக்க திருப்பணும். ஆனா அத மட்டும் பண்ணிட்டு வேலை பக்கம் எதையும் தொடலன்னா கூட்டம் இன்னும் எக்கும். தனியார் கம்பெனிய டிகிரி கேக்காதேன்னு சட்டம் போட்டு தடுக்க முடியாது, அரசாங்கம் தன் வீட்டுல ஆரம்பிக்கலாம். குரூப் 2-ல எனி டிகிரின்னு இருக்கற போஸ்ட்டுக்கு எப்படியும் பரீட்சை வச்சு தானே எடுக்கறாங்க, பரீட்சையே வடிகட்டிடும், அப்புறம் டிகிரி எதுக்கு, அதுல ஒரு பகுதிய ப்ளஸ் டூக்கு திறந்துவிட்டுப் பாக்கலாம். எதிர்ப்பு வரும், முதல்ல ரோட்டுக்கு வர்றது ஏற்கனவே டிகிரி முடிச்சுட்டு மூணு வருஷமா கோச்சிங் சென்டர்ல உக்காந்திருக்கற பசங்களா தான் இருக்கும், மூணு வருஷத்தையும் அந்த நாலு லட்சத்தையும் போட்டு வாங்கினது ஒரே அரசாணையில செல்லாம போச்சான்னு கேப்பாங்க, அந்த கேள்வியிலயும் நியாயம் இருக்கு, அதனால இன்னிக்கு பதினொண்ணாவது படிக்கற பேட்ச்லேருந்து தான்னு முன்கூட்டியே சொல்லிட்டு தான் இத ஆரம்பிக்க முடியும்.